‘ரெக்ரூட்மென்ட் ஓவர்ஃபிஷிங்’: தமிழில் என்ன சொல்லலாம்?

பென்னாகரத்து ஆசிரியை எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஏரிகளைப் பற்றிய ஆங்கிலச் சிறுநூல் ஒன்றை நம் மாவட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் வணிக வலைகள் மீன்களை என்ன செய்தன என்று கூறும் இயலில் ஒரு சொல்லிடம் வந்து நின்றுவிட்டேன்.

அளவுக்கு மீறி மீன் பிடிப்பதை மீனியலார் இரண்டாகப் பிரிக்கிறார்கள். மீன் வளர்ந்து எடை கூடுவதற்கு முன்பே அதைப் பிடித்துவிடுவது ஒன்று. இதில் கிடைக்க வேண்டிய எடை கிடைக்காமல் போகிறது. முட்டையிடும் மீன்களையே பிடித்துத் தீர்ப்பதால் அடுத்த தலைமுறை போதிய அளவில் வந்து சேராமல் போவது மற்றொன்று. முன்னதற்கு ‘வளருமுன் பிடிப்பு’ என்று எழுதிவிட்டேன். பின்னதுதான் ‘ரெக்ரூட்மென்ட் ஓவர்ஃபிஷிங்’. அகராதியைப் பார்த்தால் ‘ஆள்சேர்ப்பு’ என்று இருக்கிறது. அப்படியே போட்டால் மீன்கள் பட்டாளத்தில் சேர்கின்றன என்று என் வகுப்புப் பிள்ளைகள் படம் வரைந்து கொண்டுவருவார்கள். குஞ்சு பிழைத்து வளர்ந்து, வலையில் படும் அளவை எட்டி, மீனிருப்போடு வந்து சேர்வதே இங்கே அச்சொல்லின் பொருள்.

நூலில் உள்ள எடுத்துக்காட்டு நமக்கு அந்நியமானதன்று. அந்த ஏரியில் ‘நிங்கு’ என்று ஒரு மீன் உண்டு. நம் ரோகுவும் அதுவும் லேபியோ என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. மழைவெள்ளம் வரும்போது அது ஏரியை விட்டு ஆறுகளில் ஏறி முட்டையிடும். ஆறு ஏரியில் கலக்கும் வாயில் செவுள்வலைகளைக் கட்டி, சினையோடு ஏறிய மீன்களைப் பிடித்தார்கள். சில பத்தாண்டுகளுக்குள் அம்மீன்பிடியே சரிந்துவிட்டது. நாகமரைப் பக்கம் பரிசலில் போய் வலை விடுகிற குடும்பத்துப் பிள்ளைகள் என்னிடம் படிக்கிறார்கள். அவர்கள் வீட்டில் வாசித்துக் காட்டினால், கேட்கிற பெரியவர்களுக்கும் விளங்கும் ஒரு சொல் வேண்டும்.

ஓசூர் கணினியர் எழுதியது:

வணக்கம் அம்மா. வெள்ளிக்கிழமைக்குள் புதுச்சொல் பிறந்து, தவழ்ந்து, நடக்கவும் வேண்டுமென்றால் எப்படி? ‘இனப்பெருக்கம் தடைபடும் அளவுக்கு மீன் பிடித்தல்’ என்று விளக்கமாக எழுதிவிட்டு, ‘ரெக்ரூட்மென்ட் ஓவர்ஃபிஷிங்’ என்பதைத் தமிழெழுத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். கல்லூரிக்குப் போகும்போது அதைத்தான் படிக்கப்போகிறார்கள்.

தகடூர்ப் பேராசிரியர் எழுதியது:

தம்பி ஓசூராருக்கு: கல்லூரியில் ஆங்கிலம் வரும் என்பதற்காகப் பள்ளியிலேயே தமிழை வழியனுப்பிவிடும் இந்த அவசரம் எனக்கு உடன்பாடன்று. விளக்கம் வேறு, கலைச்சொல் வேறு. விளக்கத்தைக் கொண்டு அட்டவணை போட முடியாது. அதிலிருந்து பெயரடையோ வினையோ ஆக்க முடியாது.

முதலில் ‘ஓவர்ஃபிஷிங்’. ‘மிகைமீன்பிடிப்பு’ என்பது நீளம். ‘மிகுபிடி’ என்றால் வினைத்தொகை. ஒற்று மிகுமா மிகாதா என்ற தொல்லையும் இல்லை.

அடுத்து ‘ரெக்ரூட்மென்ட்’. இதற்கு நம்மிடம் ஈராயிரம் ஆண்டாகக் காத்துக்கிடக்கும் சொல் ‘வாரி’. ‘ஏரின் உழாஅர் உழவர் புயலென்னும் வாரி வளங்குன்றிக் கால்’ என்ற 14-ஆம் குறளை அனைவரும் அறிவோம். வாரி என்பது வருவது. புதிதாக வந்து இருப்பைக் கூட்டுவது. ‘வரு’ என்னும் அடியிலிருந்து வரவு, வரத்து, வருவாய், வாரி என ஒரு குடும்பமே கிளைத்திருக்கிறது. வாரிக்கு விளைவு, வருவாய், மடை என்ற பொருள்களும் உண்டு. மடை வழியாக வருவதால் மடையும் வாரியாயிற்று என்பது என் துணிபு. வடமொழியில் நீரைக் குறிக்கும் ‘வாரி’ வேறு என்று சிலர் வாதிடுவர். நீர் வருவதன்றி வேறென்ன என்று நான் அவர்களைக் கேட்பேன். இதைத் தனிக் கட்டுரையாகவே எழுதவேண்டும்.

ஆகவே என் பரிந்துரை ‘வாரிகுன்று மிகுபிடி’.

காவேரிப்பட்டணத்துப் பொறியாளர் எழுதியது:

பேராசிரியர் ஐயா பொறுத்தருள வேண்டும். ‘வாரிகுன்று’ என்று அச்சில் கண்டால், அது அரூர்ப் பக்கத்து மலையா, பாலக்கோட்டுப் பக்கத்து மலையா என்றுதான் நம் மாவட்டத்துக்காரர் கேட்பார். ‘மிகுபிடி’யிலும் சிக்கல் இருக்கிறது. பிடி என்றால் பெண்யானை. தேன்கனிக்கோட்டையில் மிகுபிடி என்று சொன்னால் வனத்துறைக்குத்தான் தகவல் போகும்.

ஐயா தம் குடும்பப் பட்டியலில் போகிற போக்கில் சொன்ன ‘வரத்து’ எனக்குப் போதும். ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து இத்தனை ஆயிரம் கனஅடி என்பது நம் ஊரில் அன்றாடச் செய்தி. அணையின் இருப்பு, வரத்து, வெளியேற்றம் மூன்றையும் டீக்கடையில் பேசிக்கொள்கிறோம். ஏரியில் மீன் கணக்கும் அதே வடிவந்தான்: இருப்பு இருக்கிறது, ஆண்டுதோறும் இளமீன் வரத்து சேர்கிறது, இயற்கைச் சாவும் வலையும் அதைக் குறைக்கின்றன. வரத்துக்கு மேல் எடுத்தால் இருப்பு இறங்கும். ஆனால் ஆசிரியை கேட்பது அதனினும் மோசமான நிலை: எடுக்கிற எடுப்பில் வரத்தே வற்றிப்போவது. ‘மீன்வரத்து’ என்று வைத்துக்கொண்டால் மீதி தானாக வரும்.

பாரூர் மீன்வளர்ப்பாளர் எழுதியது:

பொறியாளர் ஐயாவின் ஒப்புமை பொருத்தமானது, சொல்தான் உதைக்கிறது. ‘மீன்வரத்து குறைந்தது, விலை உயர்ந்தது’ என்று வாரந்தோறும் செய்தித்தாளில் வருகிறது. அங்கே மீன்வரத்து என்பது சந்தைக்கு வந்திறங்கும் மீன். செத்த மீனின் வரவைக் குறிக்கும் சொல்லை ஏரியில் உயிரோடு வந்து சேரும் மீனுக்கும் வைத்தால் பொருள் தலைகீழாகிவிடும். ஒரு பருவத்தில் வலைகளை இரட்டிப்பாக்கினால் சந்தையில் மீன்வரத்து கூடும். ஏரியில் வரத்து அறும்.

வலை வேலை செய்யும் முறையைப் பார்த்தால் எந்தச் சொல் வேண்டும் என்பது தெளிவாகும். செவுள்வலையில் மீன் தலையை நுழைக்கிறது. உடலின் பருமன் வலைக்கண்ணைவிடப் பெரிதாக இருப்பதால் பாதியில் நிற்கிறது. பின்வாங்கப் பார்க்கும்போது செவுள்மூடியில் நூல் மாட்டிக்கொள்கிறது. மிகச் சிறியது நுழைந்து போய்விடும். மிகப் பெரியது முட்டித் திரும்பிவிடும். ஆகவே கண்ணளவுதான் எந்த வயது மீன் சாகும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஈரவலையின் ஒரு கண்ணை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, முடிச்சிலிருந்து எதிர் முடிச்சுக்கு விரலை வைத்து அளந்து பார்த்தே, இந்த வலைக்கு இன்ன எடை மீன் விழும் என்று எங்கள் ஊர்க்காரர் சொல்லிவிடுவார்.

விக்டோரியா ஏரியிலும் கதை கண்ணளவில்தான் ஓடுகிறது. 1905-இல் அங்கே செவுள்வலை வந்தது. வலைக்கு விழும் மீன் குறைந்துகொண்டே போனதால் 1927-28-இல் ஓர் ஆய்வு நடத்தி, 5 அங்குலத்துக்குக் குறைந்த கண் கூடாது என்று பரிந்துரைத்தார்கள். அந்தக் கண்ணில் மீன் விழுவது குறைந்ததும் மீனவர்கள் சின்னக் கண்ணுக்கு இறங்கினார்கள். அப்போது மொத்தப் பிடிப்பு சில காலம் குறையாமலே தெரியும், ஏனென்றால் வலைகள் கூடிக்கொண்டே போகின்றன. வலை ஒன்றுக்கு எத்தனை மீன் என்று பிரித்துப் பார்த்தால்தான் சரிவு தெரியும். பெரிய தாய்மீன் ஒன்று இடும் முட்டைகளைச் சின்ன மீன்கள் பல சேர்ந்தாலும் ஈடுகட்டுவது கடினம் என்பதால், பெரியவை அற்றுப்போன ஏரியில் மீன் கண்ணுக்குத் தெரியும், ஆனால் குஞ்சு வராது. விதைநெல்லைக் குத்திச் சோறாக்கிய வீட்டில் அந்த மாதம் பசி தெரியாது அல்லவா, அதைப் போலத்தான்.

எனவே ‘குஞ்சுவரத்து’ என்று வைக்கலாம். சந்தைக்குக் குஞ்சு வருவதில்லை, ஆகவே குழப்பம் இல்லை.

ஒன்றை மட்டும் நூலில் சேர்த்துவிடுங்கள். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் தேங்கிய ஏரிநீரில் முட்டையிடுவதில்லை; வெள்ளம் புரளும் ஆற்றுநீர் வேண்டும். 1957-இல் மீனியலார் ஹீராலால் சௌத்ரி ஒடிசாவின் அங்குலில், மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றிக் கெண்டைகளை முட்டையிட வைத்ததிலிருந்துதான் பண்ணைக் குஞ்சு பெருகியது. ஆகவே நம் ஏரிகளில் இவற்றின் குஞ்சுவரத்து லாரியில், ஆக்ஸிஜன் அடைத்த பாலித்தீன் பையில் வருகிறது. ஜிலேபிக் கெண்டை அப்படியல்ல. சில மாதங்களிலேயே பருவமடைந்து, முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காக்கும். கண்ணைச் சுருக்கச் சுருக்க ஏரி ஜிலேபிக்குப் போவதன் காரணம் இதுவே. வலையால் உண்மையில் வரத்து அறுந்துபோவது, யாரும் கொண்டுவந்து விடாத நாட்டு மீன்களுக்குத்தான்.

கிருஷ்ணகிரியில் குடியேறிய இராமேசுவரத்துக்காரர் எழுதியது:

கடற்கரையில் பிடிப்புக்கு ‘பாடு’ என்றே பெயர். ‘இன்றைக்கு மீன்பாடு இல்லை’ என்போம். ‘மிகைப்பாடு’ என்றால் யானையும் வராது, மலையும் வராது.

தகடூர்ப் பேராசிரியர் எழுதியது:

‘பாடு’ அருமையான சொல். படு என்பதன் முதனிலை திரிந்த தொழிற்பெயர். வலையில் படுவது பாடு. இதை ஏற்றால் ‘பைகேட்ச்’ என்பதற்கு, உடன் படுவதாகையால், ‘உடன்பாடு’ என்றே சொல்லிவிடலாம்!

குஞ்சு என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களாகப் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பதைச் சொல்கிறது. அவற்றுள் குஞ்சு இல்லை. பறப்பனவற்றுக்கும் தவழ்வனவற்றுக்கும் பார்ப்பும் பிள்ளையும் உரியன. ஐங்குறுநூற்றில் முதலைக்குட்டியே பார்ப்பாக வருகிறது. நீர்வாழ் முதலைக்குப் பொருந்தியது மீனுக்குப் பொருந்தாதா? ‘பார்ப்புவாரி’ என்று ஆள்வோமே.

ஓசூர் கணினியர் எழுதியது:

ஐயா, ‘பைகேட்ச்’ என்பது வேண்டாத மீனும் ஆமையும் வலையில் மாட்டுவது. அதை ‘உடன்பாடு’ என்று எழுதினால், ‘ஏரியில் உடன்பாடு அதிகரித்தது’ என்று படிக்கும் பிள்ளை மகிழ்ச்சியல்லவா அடையும்? ‘பார்ப்புவாரி’ பற்றி நான் வாய் திறக்கவில்லை.

பாரூர் மீன்வளர்ப்பாளர் எழுதியது:

குஞ்சு தொல்காப்பியத்தில் இல்லாமல் இருக்கலாம். மீன்பண்ணைப் பதிவேட்டில் இருக்கிறது. விரலளவு வளர்ந்த குஞ்சை ‘விரலி’ என்று துறையில் எழுதத் தொடங்கியபோது, அது மஞ்சளுக்குரிய பெயராயிற்றே என்று நாங்களும் கேட்டோம். இப்போது விரலி வந்துவிட்டதா என்று போன் செய்தால் யாரும் மஞ்சள் அனுப்புவதில்லை.

காவேரிப்பட்டணத்துப் பொறியாளர் எழுதியது:

குஞ்சுவரத்தை ஏற்கிறேன். சுருக்கமாக ‘வரத்துக்கேடு’ என்று வைக்கலாம் என்று ஆசிரியை தனிமடலில் கேட்டிருந்தார்; அதை இங்கேயே மறுக்க விரும்புகிறேன். குஞ்சுவரத்து கெடுவதற்கு வலை ஒன்றே காரணமன்று. ஆற்றின் குறுக்கே அணை நின்றாலும், முட்டையிடும் இடத்து மணலை அள்ளினாலும், தென்பெண்ணையில் நுரை பொங்கி வருவது போல் கழிவு கலந்தாலும் அது கெடும். பிடிப்பினால் வந்த கேடு என்பதைச் சொல் காட்டியாக வேண்டும். இல்லையென்றால் வலையின் பழியை அணையும் அணையின் பழியை வலையும் மாற்றி மாற்றிச் சுமத்திக்கொள்ள அச்சொல்லே வழிசெய்து கொடுத்துவிடும்.

பென்னாகரத்து ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இருமுறை அழைத்துவிட்டார்கள். பொறியாளர் ஐயா சொன்னது முக்கியமான திருத்தம், வரத்துக்கேட்டை எடுத்துவிட்டேன். உரையில் ‘குஞ்சுவரத்தை அறுக்கும் மிகைப்பிடிப்பு’ என்றும், அட்டவணையில் ‘வரத்தறு பிடிப்பு’ என்றும் போகிறது. ‘ரெக்ரூட்மென்ட்’ தனித்து வருமிடங்களில் ‘குஞ்சுவரத்து’. வகுப்பில் வாசித்துக் காட்டினேன்; ‘குஞ்சு’ என்றதும் பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது; ‘மீன்குஞ்சு’ என்று ஒருமுறை சொன்னதும் அடங்கியது. நாகமரைப் பையன் ஒருவன் மட்டும், ‘டீச்சர், சினைமீனுக்குத்தான் விலை ஜாஸ்தி, அதை எப்படி விடுவாங்க?’ என்று கேட்டான். அந்தக் கேள்வியை இயலின் இறுதியில் பயிற்சி வினாவாகவே சேர்த்துவிட்டேன்.

‘பைகேட்ச்’ அடுத்த இயலில் வருகிறது. அதற்குத் திங்கட்கிழமை வரை நேரம் இருக்கிறது.

தகடூர்ப் பேராசிரியர் எழுதியது:

‘வரத்தறு பிடிப்பு’ என்பதில் ‘அறு’ தன்வினையா பிறவினையா என்று தெளிவில்லை. வரத்து அற்றுப்போன பிடிப்பு என்றும் படிக்கலாம், வரத்தை அறுக்கும் பிடிப்பு என்றும் படிக்கலாம். பெரும்பான்மைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. என் மாறுபாட்டைப் பதிவு செய்கிறேன். ‘வாரி’ பற்றிய கட்டுரையை நாளை அனுப்புகிறேன். ‘உடன்பாடு’ குறித்து ஓசூர்த் தம்பிக்குத் தனியே பதில் எழுத வேண்டும்.