சங்கம் ஆதரவு அறிவித்த அன்று உங்கள் தோட்டத்தில் என்ன நடந்தது?

மேல்கணக்கு மகள்

எந்தத் தோட்டத் தொழிற்சங்கம், இலங்கையின் எந்த ஜனாதிபதித் தேர்தல் என்று எழுத மாட்டேன். எங்கள் தோட்டத்தின் சங்கக் கிளைத் தலைவர் இன்னமும் எங்கள் லயத்தில்தான், அதே வரிசை வீடுகளில்தான், இருக்கிறார். அவருடைய பிள்ளைகளும் நாங்களும் ஒரே பீலியில் (பொதுக் குழாயில்) தண்ணீர் பிடித்து வளர்ந்தவர்கள்.

தேர்தல் நெருங்கிவிட்ட நேரத்தில் சங்கத் தலைமை பக்கம் மாறியது. அதுவரை ஒருவருக்கு ஆதரவு, அன்றிரவு தொலைக்காட்சிச் செய்தியில் மற்றவருக்கு. மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது பார்த்தால், தலைவர் இஸ்டோர்ச் (தேயிலைத் தொழிற்சாலைச்) சுவருக்கு முன்னால் நின்று தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் போஸ்டரைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். அவரே கோதுமை மாவில் பசை காய்ச்சி ஒட்டிய போஸ்டர். பசை நன்றாகப் பிடித்திருந்தது. வாயும் மோவாயும் உரிந்து வந்துவிட்டன. நெற்றியும் ஒரு கண்ணும் சுவரிலேயே நின்றன.

அம்மா கூடையோடு நின்று கேட்டாள்: "தலைவரே, ஒட்டும்போது ஒரு காரணம் சொன்னீர்களே, அந்தக் காரணம் என்ன ஆயிற்று?"

"எனக்கே ராத்திரிதான் போன் வந்தது, தங்கச்சி."

"போனில் காரணம் சொன்னார்களா?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை, சுரண்டிக்கொண்டே இருந்தார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நடுச்சாமத்தில் பிரசவ வலி கண்ட பெண்களைக் கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர். கோபம் அந்தப் போன் அழைப்பின் மேல். அம்மாவின் சம்பளத் துண்டில் சேமலாப நிதி, தேயிலைத்தூள், கோயில், பண்டிகை முற்பணம் எல்லாவற்றுக்கும் கீழே சங்கச் சந்தா என்று ஒரு வரி மாதம் தவறாமல் இருக்கும். அந்த வரிக்குச் சொந்தக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவளுடைய ஆதரவு இன்னாருக்கு என்று கொழும்பில் ஒலிவாங்கியைப் பிடித்துச் சொல்ல முடிகிறதே, அது எப்படி? உங்கள் தோட்டங்களில் யாரையாவது கேட்டார்களா?

கரும்பலகை

நான் ஆசிரியன். தேர்தல் கடமைக்கு ஒரு தோட்டப் பாடசாலையில் போட்டிருந்தார்கள். நான் விரலில் மை பூசுகிற மேசையில் இருந்தேன்.

வயதான அம்மா ஒருவர் வாக்குச்சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் போகாமல் நடுவில் நின்றுவிட்டார். சீட்டின் நீளம் அவர் முழங்கையைத் தாண்டியது. மண்டபம் முழுவதும் கேட்கும்படி, "சார், சங்கம் எதற்குப் போடச் சொன்னது? பெயரை மறந்துவிட்டேன்" என்றார். கட்சி முகவர்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தலைமை அலுவலர் எழுந்து வந்து, அதை இங்கே யாரும் சொல்லக் கூடாது, நீங்களும் கேட்கக் கூடாது என்று பக்குவமாகச் சொன்னார்.

அம்மா அவரை ஒரு கணம் பார்த்தார். "யாருமே சொல்லக் கூடாதா? அப்படியென்றால் நான் நினைத்ததற்கே போடுகிறேன்" என்று சொல்லிவிட்டு மறைப்புக்குள் போனார்.

அவர் எதற்குப் போட்டார் என்பது எனக்குத் தேவையில்லாத விடயம். யாரும் சொல்லித் தராத ஓர் இடம் தோட்டத்தில் இருக்கிறது என்பதை அவர் அன்றைக்குத்தான் கண்டுகொண்டார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

பழைய தோட்டத் தலைவர்

மகளே, உங்கள் அம்மா கேட்டது நியாயமான கேள்வி. ஆனாலும் நானும் பல வருடம் கிளைத் தலைவராக இருந்தவன், அதனால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் பாராளுமன்றத்துக்கு 7 பேரை அனுப்பியது. அடுத்த வருடமே எங்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அதற்கடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு எங்களைத் தலைக்கணக்குப் போட்டுப் பங்கு பிரித்தார்கள். எங்களை யார் கேட்டார்கள்? வாக்கு இல்லாதவனை எந்த வேட்பாளர் கேட்பான்? அந்த வருடங்களில் எங்களிடம் இருந்தது சங்கம் ஒன்றுதான்.

1982இல் நாட்டின் முதலாவது ஜனாதிபதித் தேர்தலில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் ஜே. ஆர். ஜயவர்தனவுக்கு ஆதரவு கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை. 1986இலும் 1988இலும் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டங்கள் வந்தன. 1988 டிசம்பர் ஜனாதிபதித் தேர்தலில் ஜே. ஆரின் கட்சி வேட்பாளர் பிரேமதாச வென்றது 50.43 வீதத்தில். பாதியைத் தாண்டிய அந்தக் கொஞ்சத்தில் மலையக வாக்குக்குப் பங்கு இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தத் தேர்தலில்தான் என் தகப்பனார் வாழ்க்கையில் முதன்முதலாக வாக்களித்தார். வாக்களிக்கப் போகக் கூடாது என்று அப்போது ஆயுதக் கிளர்ச்சியில் இருந்த ஜே.வி.பி. மிரட்டிக்கொண்டிருந்த காலம். அம்மா வாசலை மறித்து நின்று அழுதார். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "பிரஜாவுரிமைக் கடதாசி வாங்கித் தந்தவர் சொல்கிறார், போகாமல் இருந்தால் நான் மனிதனில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். சங்கம் சொன்ன ஆளுக்குத்தான் போட்டார். அவரை யாரும் வற்புறுத்தவில்லை. அவர் மனப்பூர்வமாகப் போட்டதை நான் அருகிலிருந்து பார்த்தவன்.

2015க்குப் பிறகு 7 பேர்ச் காணியும் தனி வீடும், நுவரெலியா மாவட்டத்துக்குப் புதிய பிரதேச சபைகளும் வந்தது எப்படி? தேர்தலுக்கு முன் ஆதரவு கொடுத்து, பின்னால் அமைச்சு வாங்கி உட்கார்ந்ததால்தான். ஒவ்வொரு லயமும் தனித்தனியாகப் பேரம் பேசினால் எந்த வேட்பாளர் காது கொடுப்பார்? போன் வந்தது பிழையாக இருக்கலாம். ஆனால் ஒரே குரலில் பேசுவது பிழையில்லை.

டிக்கோயா ஓரம்

பழைய தலைவர் ஐயா, மரியாதையுடன் மறுக்கிறேன். 1988இல் உங்கள் தகப்பனார் போட்டது கடதாசிக்கு நன்றியாக. அந்த நன்றியை எத்தனை தலைமுறைக்கு வசூலிப்பது?

நீங்கள் சொன்ன அதே சங்கத்தையே எடுத்துக்கொள்வோம். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் 2010இல் மகிந்தவுக்கு ஆதரவு கொடுத்தது, நுவரெலியா மாவட்டத்தில் வென்றவர் சரத் பொன்சேகா. 2015இலும் மகிந்தவுக்கு, வென்றவர் மைத்திரி. 2019இல் கோட்டாபயவுக்கு, இந்த மாவட்டத்தில் வென்றவர் சஜித். 2024இல் ரணிலுக்கு, மறுபடியும் சஜித். தொடர்ந்து நான்கு ஜனாதிபதித் தேர்தல்! மக்கள் எப்போதோ முடிவைத் தங்கள் கையில் எடுத்துவிட்டார்கள். மேடையில் இருப்பவர்கள்தான் அதை இன்னும் கேட்கவில்லை.

என் அனுபவம் சிறியது. 2024 தேர்தலுக்குக் கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்தேன். ஹட்டன் பஸ்ஸில் இடமில்லை, கினிகத்தேனை வரை நின்றே வந்தோம். எல்லாம் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிற நம் பிள்ளைகள். ஒரு தம்பி போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்தான். மறுமுனையில் அவன் தகப்பன், "தலைவர் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார், மறந்துவிடாதே" என்கிறார். தம்பி சொன்னான்: "அப்பா, நீங்கள் அவர் சொன்னதற்குப் போடுங்கள். பஸ் காசு போட்டு வருகிறவன் நான், நான் யோசித்துப் போடுகிறேன்." பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண் பிள்ளை "சரியாகச் சொன்னாய்" என்றாள்.

பழைய தோட்டத் தலைவர்

2015இலும் 2019இலும் 2024இலும் வேறு மலையகச் சங்கங்கள் எதிர்ப்பக்கம் நின்றதை விட்டுவிட்டீர்களே. மற்ற மலையகத் தலைவர்களான திகாம்பரமும் இராதாகிருஷ்ணனும் எங்கே நின்றார்கள்? ஒரு சங்கத்தை மக்கள் கேட்கவில்லை, இன்னொன்றைக் கேட்டார்கள். வலப்பனை, ஹங்குராங்கெத்த சிங்கள வாக்குகளும் அதே மாவட்டக் கணக்கில்தான் சேர்கின்றன. மாவட்ட முடிவை மட்டும் வைத்துக்கொண்டு தோட்டத்து மனதைப் படிக்க முடியாது, தம்பி.

டிக்கோயா ஓரம்

சிங்கள வாக்கு விடயம் சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 2024 செப்டெம்பரில் சஜித் வென்ற அதே மாவட்டத்தில், நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் 8 ஆசனங்களில் 5 தேசிய மக்கள் சக்திக்குப் போனது. எந்தப் பெரிய மலையகச் சங்கம் அதற்குப் போடச் சொன்னது?

ஊவாக்காரி

ஆண்கள் இருவரும் யார் வென்றார், யார் தோற்றார் என்பதிலேயே நிற்கிறீர்கள். நான் வேறொன்று சொல்கிறேன். இது சங்கம் அல்ல, பதுளைப் பக்கம் நாங்களே சேர்ந்து நடத்திய ஒரு சிறிய மலையக உரிமைக் குழு.

தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை 2023இல் நடந்த நடைபவனிக்குப் பிறகு எங்களுக்கு ஓர் உற்சாகம். மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து இருநூறு வருடம் ஆயிற்று, இனி எந்த வேட்பாளர் ஆதரவு கேட்டு வந்தாலும் எழுத்தில் பேசுவோம் என்று முடிவு செய்தோம். லயம் லயமாகப் போய்ப் பெண்களிடம் கேட்டோம். காணி உறுதி, மலையில் கழிப்பறை, அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போடுவதை நிறுத்துவது, நிறுவையில் கழிக்கிற கிலோ, பிள்ளை மடுவத்துக்கு (குழந்தைகள் காப்பகத்துக்கு) பயிற்சி பெற்ற ஆயா. மலையில் கழிப்பறை என்பதை எழுதச் சொன்ன அக்கா, தன் பெயரையும் அதற்குப் பக்கத்தில் போடச் சொன்னார். எல்லாவற்றையும் சிங்களத்திலும் தமிழிலும் தட்டச்சு செய்து நீல நிற ஃபைலில் போட்டோம்.

ஒரு வேட்பாளரின் பிரதிநிதி வந்தார். மாலை, படம், தேநீர் எல்லாம் முறையாக நடந்தன. ஃபைலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மிகவும் நன்றாகப் பேசினார். வாகனம் போன பிறகு நாற்காலிகளை அடுக்கினோம். ஃபைல் அவருடைய நாற்காலியில் கிடந்தது.

ஒரு தங்கச்சி அதை எடுத்துக்கொண்டு செருப்புக் கூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடினாள். வளைவில் வாகனம் மறைந்துவிட்டது. திரும்பி வந்து, "அவர்கள் பிரதி எடுத்திருப்பார்கள், அக்கா" என்றாள். பிரதி எடுக்க அவர்களுக்கு எங்கே நேரம்?

அன்று மாலையே குழுவில் வாக்குவாதம். சிலர் அவரையே ஆதரிப்போம், வென்றுவிட்டால் கேட்கலாம் என்றார்கள். நாங்கள் யார் பெயரையும் சொல்லாமல் கோரிக்கைகளை மட்டும் வெளியிட்டோம். அது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆதரவு என்பது கொடுக்கிற பொருள் என்றால் வாங்குபவர் அதை நாற்காலியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

இன்னொன்று. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், சந்தா கட்டுபவர்களும் அவர்களே. ஆதரவு அறிவிக்கிற மேடைகளை நினைத்துப் பாருங்கள். அங்கே எந்தப் பெண் பேசினாள்?

சம்பளத் துண்டு

எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. எங்கள் தோட்டத்திலும் ஒரு கூட்டத்தில் கையைத் தூக்கச் சொன்னார்கள், எதற்கு என்று பிறகுதான் தெரிந்தது.

ஆனால் எல்லோருக்கும் பயன்படும் என்று சில விடயங்களை எழுதுகிறேன். தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் 1935இல் வந்தது. பதிவு செய்த ஒவ்வொரு சங்கத்துக்கும் எழுதப்பட்ட யாப்பு (சங்க விதிகள்) இருக்க வேண்டும், கணக்கை வருடந்தோறும் பதிவாளருக்குக் கொடுக்க வேண்டும். முதலில் யாப்பின் பிரதியைக் கேளுங்கள். ஜனாதிபதி வேட்பாளரை ஆதரிக்கும் முடிவை யார் எடுப்பது, நிர்வாக சபையா, மாநாடா, தலைவர் ஒருவரா என்று அதில் பாருங்கள். கிளைக் கூட்டம் கூட்டச் சொல்லிக் கேளுங்கள். கூட்டினால் அறிக்கைப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். வாய்ப் பேச்சு பெரட்டுக் களத்தோடு போய்விடும்.

அடுத்தது வாக்குறுதி. 1700 ரூபா நாட்சம்பளத்தைப் பாருங்கள். 2024 மே தினத்தன்று கொட்டகலையில் அன்றைய ஜனாதிபதி ரணிலே அறிவித்தார். கம்பனிகள் நீதிமன்றம் போயின, இடைக்காலத் தடை வந்தது. தேர்தலுக்குச் சில நாட்கள் முன் வந்த வர்த்தமானியில் (அரசிதழில்) அடிப்படை 1350 ஆகவும், மீதி 350 உற்பத்திக்கு ஏற்ற கொடுப்பனவாகவும் நின்றது. அதற்கு முன் ஆயிரம் ரூபாவும் அப்படித்தான்: 2019 தேர்தலில் பேசப்பட்டது, வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். வந்த பிறகு பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டினார்கள். ஆகவே ஆதரவு கொடுக்கும் சங்கத்திடம், "எவ்வளவு தருவார்?" என்று மட்டும் கேட்காதீர்கள். சம்பள நிர்ணய சபையில் எப்போது வரும், கிலோ எவ்வளவு, அரைப்பேர் உண்டா என்று கேளுங்கள்.

கடைசியாக, ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று மூன்று விருப்பம் போடலாம். 2024இல் யாருக்கும் பாதி கிடைக்காததால் வரலாற்றில் முதல் முறையாக இரண்டாம் விருப்பங்களையும் எண்ணினார்கள். எந்தச் சங்கமும் இதை லயத்தில் விளக்கிச் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

மேல்கணக்கு மகள்

எல்லோருக்கும் நன்றி. பழைய தலைவர் ஐயா, உங்கள் தகப்பனாரின் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவர் காரணம் தெரிந்து போட்டிருக்கிறார்" என்றாள். நானும் அதைத்தான் கேட்கிறேன், காரணத்தை எங்களுக்கும் சொல்லுங்கள்.

சம்பளத் துண்டு அண்ணா, பிரதேசக் காரியாலயத்துக்குப் போன் செய்து யாப்புக் கேட்டேன். பேசியவர், எதற்கு, எந்தத் தோட்டம், யார் கேட்கச் சொன்னார்கள் என்று விசாரித்தார். உறுப்பினர் கேட்கிறார் என்று அம்மாவின் அட்டை இலக்கத்தைச் சொன்னேன். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

ஊவாக்காரி

தனியாகப் போகாதே, தங்கச்சி. அம்மாவையும் உங்கள் லயத்துப் பெண்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு போ. கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, உன் பிரதியில் முத்திரை குத்தி வாங்கிக்கொள்.