புதுப்பிப்பு: மார்பிள் ஸோன் பத்தி நான் சொன்னதுல பாதி தப்பு

1991ல வந்த சோனிக் வீடியோ கேம்ல ரெண்டாவது கட்டமா வர்ற மார்பிள் ஸோன் வேகத்தையே கெடுக்குதுனு போன வாரம் எழுதியிருந்தேன்ல, அதுல பாதிய வாபஸ் வாங்கிக்கிறேன். ஞாயித்துக்கிழமை ஆரியங்காவுல இருந்து அத்தை மகன் செங்கோட்டைக்கு வந்திருந்தான், வெளிய சாரல், ரெண்டு பேரும் முதல்ல இருந்து ஆடுனோம். முதல் கட்டமான கிரீன் ஹில்ல நான் பறந்துட்டு இருக்கேன், அவன் "மச்சான், எதிர்ல வர்றத பாத்தா ஓடுறே?"ன்னான். உண்மைதான், வேகம் கூடக்கூட பாத்து முடிவெடுக்க நேரமே இல்ல, மனப்பாடமாதான் ஓடுறேன். மார்பிள்ல லாவா மேல கல்லத் தள்ளிவிட்டு அதுல ஏறி நின்னு போறப்பவும், சங்கிலில தொங்குற முள்ளு எப்ப இறங்கும் எப்ப ஏறும்னு மூச்ச புடிச்சு காத்திருந்தப்பவும்தான் கண்ணும் கையும் சேந்து வேலை செஞ்சுது.

ஆனா 1985ல வந்த மாரியோ கேம்தான் இன்னமும் எனக்கு ஒரு படி மேல. அங்க வேகத்துக்கு ஒரு இடம், துல்லியத்துக்கு ஒரு இடம்னு பிரிக்கல, பி பட்டன அமுக்கிட்டே ஓடுனா ஒரு கட்டை அகலக் குழிய குதிக்காமலே தாண்டிரலாம், நடந்தா விழுந்துருவோம், எவ்ளோ வேகம்னு நாமளே முடிவு பண்றோம்.

தண்ணிக்குள்ள ஊர்ந்து போற இன்னொரு கட்டம், சோனிக்கோட லாபிரிந்த் ஸோன், அது வேகத்த கெடுக்குதுங்கற பழைய கருத்த மட்டும் மாத்தல.