திட்டம் முடிந்ததும் குழுவும் கலைகிறது, எங்கே தவறுகிறோம்?

நடைவண்டி:
கிராமங்களில் குழுக்கள் அமைக்கும் வேலையில் இருக்கிறேன். அறிக்கையில் எல்லாம் "மக்கள் பங்கேற்பு" என்றுதான் எழுதுகிறோம், ஆனால் கூட்டம் போட்டால் பேசுவது நாலு பேர், அந்த நாலு பேரும் கொஞ்சம் நிலபுலன் உள்ளவர்கள். கூலிக்குப் போகிறவர்கள் பின்னால் உட்கார்ந்து தலையாட்டிவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். நிதி நின்றதும் குழுவும் இல்லை. நாங்கள் போன பிறகும் நிற்கிற மாதிரி, ஏழைகள் கையிலேயே இருக்கிற மாதிரி ஓர் அமைப்பை எப்படித் தொடங்குவது? பயிற்சி கொடுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள், கொடுத்தாயிற்று.

வரப்பு:
ஊருக்கே ஒரு குழு என்று ஆரம்பித்தீர்களா? அப்படியென்றால் பேசத் தெரிந்தவன் கைக்குத்தான் போகும். 1959-ல், அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த இன்றைய வங்கதேசத்தின் கொமில்லாவில் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய கிராம மேம்பாட்டு வேலையைப் பாருங்கள். கிராமக் கூட்டுறவு, வாராவாரம் கூட்டம், சிறுசேமிப்பு, மேலே ஒரு கூட்டமைப்பு எனப் பிரமாதமாக வடிவமைத்தார்கள். வங்கதேசம் பிறந்த பிறகு அதையே நாடு முழுக்க அவசரமாகப் பரப்பியபோது பல இடங்களில் வசதியான விவசாயிகள் கைப்பற்றிவிட்டார்கள். அங்கேயே ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுக்க வந்த கிராமீன் வங்கி ஐந்து பேர் குழு, அரை ஏக்கருக்குக் கீழே நிலம் உள்ளவர்கள் மட்டும் என்று முதலிலேயே கோடு போட்டது. கடன் பற்றிய விமர்சனங்கள் வேறு கதை, அந்தக் கோடு சரியான கோடு.

மடைவாயில்:
கோடு போட்டால் மட்டும் போதாது, சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும். இலங்கையில் கல்லோயா பாசனத் திட்டத்தின் இடதுகரைப் பகுதியில் 1981-ல் படித்த இளைஞர்களை அமைப்பாளர்களாக அனுப்பினார்கள். அவர்கள் ஊரில் போய் இறங்கியதுமே சங்கம் பதியவில்லை, தலைவர் தேர்தல் வைக்கவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசி, ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிறவர்களைச் சின்னச் சின்னக் குழுவாகக் கூட்டி, முதலில் வாய்க்காலைத் தூர்வார வைத்தார்கள், அப்புறம் முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள், கடைமடைக்கும் போய்ச் சேர்ந்தது. வேலை நடக்க நடக்க யார் நம்பகமானவர் என்று ஊருக்கே தெரிந்துவிடும் இல்லையா, பிரதிநிதியை அப்புறம்தான் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். நாம் செய்வது நேர் எதிர்: முதல் நாளே தலைவர், செயலாளர், பொருளாளர், ரப்பர் ஸ்டாம்ப்.

நடைவண்டி:
சரி, ஆனால் அவர்களுக்கு நிலமாவது இருந்தது. என் ஆட்களுக்குத் தூர்வார வாய்க்காலே இல்லையே?

வரப்பு:
கூலி இருக்கிறதே. ராஜஸ்தானில் கூலித் தொழிலாளர்களும் விவசாயிகளும் சேர்ந்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு அங்கேதான் பிடித்தது. 1994-லிருந்து பொது விசாரணை நடத்தி, அரசு வேலைகளின் வருகைப் பதிவேட்டை ஊர் நடுவில் சத்தமாக வாசித்தார்கள். செத்தவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குப் பில் என்று வெளியே வந்தபோது, அதுவரை வாய் திறக்காதவர்களே எழுந்து "நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை" என்றார்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் வந்ததில் அந்தப் போராட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

மடைவாயில்:
இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்தை எந்த நேரத்தில் வைக்கிறீர்கள்? பகலில் வைத்தால் கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் சம்பளத்தை இழந்துவிட்டு வரவேண்டும், பெண்களுக்கு அதுவும் வீட்டு வேலையும். அவர்கள் சொல்கிற நேரத்துக்கு நீங்கள் போங்கள். உங்கள் திட்டக் கணக்கையும், உங்கள் வண்டிக்குப் போட்ட டீசல் உட்பட, அங்கேயே வாசித்துக் காட்டுங்கள். மேலதிகாரி ஒத்துக்கொள்வாரா என்பதுதான் கேள்வி.

நடைவண்டி:
டீசல் கணக்கா... மேலே கேட்டுப் பார்க்கிறேன். கூட்டத்தை இரவுக்கு மாற்றுவது என் கையில்தான் இருக்கிறது, அதை இந்த வாரமே செய்துவிடலாம்.