முதல் நாவலுக்கு 65,000 ரூபாய் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கரிசல்பூ:
வணக்கம். எனக்குக் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். ஆறு வருடமாக, ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு உட்கார்ந்து ஒரு நாவலை எழுதி முடித்திருக்கிறேன். 68,000 சொற்கள் வந்திருக்கின்றன. அம்மாவும் சித்திகளும் கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் எங்களை வளர்த்த காலத்தைப் பற்றியது. இதுவரை என் கதை ஒன்றுகூட எங்கேயும் அச்சில் வந்ததில்லை, எழுத்தாளர் யாரையும் பழக்கமும் இல்லை.

மூன்று பதிப்பகங்களுக்கு மெயிலில் அனுப்பினேன். இரண்டு இடத்துக்கு அனுப்பி ஏழு மாதம் ஆகிறது, பதிலே இல்லை. மூன்றாவது இடத்துக்கு இப்போதுதான் அனுப்பினேன், நாலே நாளில் போன் வந்தது. நாவல் அருமை, கண்டிப்பாகப் போடலாம் என்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் விவரம் சொன்னார்கள்: நான் 65,000 ரூபாய் கட்ட வேண்டும், அதில் எடிட்டிங், அட்டை, ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண், சென்னையில் வெளியீட்டு விழா எல்லாம் அடக்கம், 300 பிரதி அடிப்பார்கள், எனக்கு 50 பிரதி தருவார்கள். இந்த மாதக் கடைசிக்குள் சொன்னால் ஜனவரி புத்தகக் காட்சிக்கு வந்துவிடுமாம். வீட்டுக்காரர் வளையலை அடகு வைத்துக் கட்டிவிடலாம் என்கிறார், அவர் அப்படிச் சொன்னதே எனக்குப் பெரிய விஷயம். ஆனால் மனசு ஒப்பவில்லை. முதல் புத்தகம் என்றால் எல்லோருக்கும் இப்படித்தானா?

வெயில்நதி:
வளையலை வைக்காதீர்கள் தங்கச்சி. முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

பத்து வருடத்துக்கு முன்னால் நானும் இதே போல ஒரு போனுக்கு அழுதவள்தான். 40,000 கட்டினேன். எடிட்டிங் செய்தோம் என்றார்கள், புத்தகத்தைப் பிரித்தால் நான் அனுப்பிய பிழையெல்லாம் அப்படியே இருந்தது, ஒரு அத்தியாயத்தின் கடைசிப் பாரா இரண்டு தடவை வந்திருந்தது. விழாவுக்கு என் சொந்தக்காரர்கள் பதினெட்டுப் பேர் வந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை எந்தக் கடையிலும் நான் பார்க்கவில்லை. எனக்குக் கொடுத்த பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது, ஒரு மழைக்காலத்தில் இழுத்துப் பார்த்தால் அடி வரிசை முழுக்க ராமபாணப் பூச்சி. அந்தக் காகிதத் தூளைக் கையில் அள்ளினது இன்னும் மறக்கவில்லை.

உங்கள் கணக்கையே பாருங்கள், நீங்கள் கணக்கு எழுதுகிறவர். 300 பிரதியில் உங்களுக்கு 50. மீதி 250 யாருடையது? 68,000 சொல் என்றால் டெம்மி என்கிற வழக்கமான புத்தக அளவில் 320 பக்கம் போல வரும், இப்போது அந்தக் கனத்துப் புத்தகத்துக்கு 400 ரூபாய் பக்கம் விலை வைக்கிறார்கள். 250 பிரதியும் விற்றால் ஒரு லட்சம். அச்சுச் செலவு உங்களுடையது, விற்பனை அவர்களுடையது. விற்காவிட்டாலும் அவர்களுக்கு நஷ்டமில்லை, அதனால் விற்க வேண்டிய அவசியமும் இல்லை. அது பதிப்பு இல்லை. உங்கள் நாவலில் பதிப்பாளர் தன் காசைப் போடுகிறார் என்றால்தான் அவர் அதை நாலு கடைக்குக் கொண்டுபோவார். எழுதியவருக்குப் பதிப்பாளர் தருகிற பங்கான ராயல்டி வழக்கமாக விலையில் 10 சதவீதம், 400 ரூபாய்ப் புத்தகத்துக்கு 40 ரூபாய். 300 பிரதியும் விற்றால் 12,000. சின்னத் தொகைதான், ஆனால் உங்கள் கைக்கு வருகிற தொகை.

பதில் வராததை நிராகரிப்பு என்று நினைக்காதீர்கள். தமிழில் பெரும்பாலான பதிப்பகங்கள் நாலைந்து பேரை வைத்து ஓடுகின்றன, யாரோ ஒருவர் ராத்திரி வீட்டில் வைத்துத்தான் படிக்க வேண்டும். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை அவர்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. பிப்ரவரி போகட்டும், மார்ச், ஏப்ரலில் அனுப்புங்கள்.

இடையில் ஒன்று செய்யுங்கள். நாவலிலிருந்து தனியாக நிற்கக்கூடிய ஒரு அத்தியாயத்தைச் சிறுகதையாக்கி சொல்வனம், கனலி, வல்லினம் மாதிரி இணைய இதழ்களுக்கோ அச்சில் கணையாழிக்கோ அனுப்பிப் பாருங்கள். ஒரு இதழ் ஒத்துவராவிட்டால் இன்னொன்று. என் இரண்டாவது நாவலைப் போட்டவர் இணையத்தில் என் கதை ஒன்றைப் படித்துவிட்டு, நாவல் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று அவராகவே கேட்டார். அதற்கு மூன்று வருடம் ஆனது, உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா.

அச்சுக்கோப்பு:
நான் சிவகாசியில் பக்க வடிவமைப்பு செய்கிறவன், 28 வருடமாக இதே வேலை. அக்கா சொன்னதில் பெரும்பாலும் சரி. ஆனால் காசு போட்டுப் புத்தகம் கொண்டுவருவதே தப்பு என்று ஆகிவிடக் கூடாது. 'எழுத்து' பத்திரிகையை நடத்திய எழுத்தாளர் சி.சு. செல்லப்பா தன் 'எழுத்து' பிரசுரப் புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். சொந்தமாகப் போடுகிறேன் என்று தெரிந்தே போடலாம். பதிப்பகம் போடுகிறது என்று நம்பிக் காசு கட்டுவதுதான் ஏமாற்றம்.

ஒரு காரியம் செய்யுங்கள் தங்கச்சி. கோவில்பட்டியிலிருந்து சிவகாசி பக்கம்தானே, இரண்டு அச்சகத்தில் நேரில் போய் விலை கேளுங்கள். இப்படியே கேளுங்கள்: டெம்மி, 320 பக்கம், 70 ஜிஎஸ்எம் கனத்தில் மேப்லித்தோ காகிதம், உள்ளே ஒரே வண்ணம், அட்டை நாலு வண்ணம், பெர்ஃபெக்ட் பைண்டிங் (முதுகில் பசை போட்டு ஒட்டுவது), 300 பிரதி. 16 பக்கம் ஒரு பாரம் என்பதால் 20 பாரம் சரியாக வரும், 325 பக்கம் ஆனால் அடுத்த பாரத்துக்குத் தாவும், அதைக் கவனியுங்கள். அந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு 65,000-இல் மீதி எதற்கு என்று அவர்களிடம் வரிவரியாகக் கேளுங்கள். ஐஎஸ்பிஎன்னுக்குத் தனியாக ஒரு தொகை சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். இந்தியாவில் அது இலவசம், ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கொடுக்கிறது, எழுதியவரே இணையத்தில் விண்ணப்பித்து வாங்கலாம்.

சொந்தமாகப் போட்டால் அப்புறம் சுமப்பது முழுக்க உங்கள் தோள். கடைக்காரர் 35, 40 சதவீதம் கழிவு கேட்பார், பணம் விற்ற பிறகுதான் வரும். அரசு நூலகங்கள் மொத்தமாக வாங்குகிற நூலக ஆணை கிடைத்தால் செலவு மீளும், ஆனால் அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதை நம்பிக் கடன் வாங்கவே கூடாது.

பிரதியைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு வந்த ஒரு நாவலில் 3-ஆம் அத்தியாயத்தில் பெரிய சித்தியாக இருந்தவர் 14-இல் சின்ன சித்தி ஆகிவிட்டார். எழுதினவர், எடிட் செய்தவர் இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை. ஒரு நோட்டில் ஆள் பேர், உறவு, வயது, எந்த வருடம் என்று எழுதிவைத்து, முழு நாவலையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எங்கே நாக்கு இடறுகிறதோ அங்கே வாக்கியம் சரியில்லை.

படித்துக் கையெழுத்திடு:
ஒப்பந்தம் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். பதிப்புரிமை நீங்கள் எழுதிய நிமிடமே உங்களுடையது, பதிவு செய்யாவிட்டாலும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவைத் தமிழில் யாரையாவது விளக்கச் சொல்லிக் கேளுங்கள். உரிமையை எழுத்தில் கொடுத்தால்தான் கொடுத்தது. எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். உரிமையை வாங்கிக்கொண்டு ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது முடிந்துபோகும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய.

அந்த 'ஒழிய' என்ற இடத்தில்தான் ஆள் விழுவது. "சகல உரிமைகளும், சகல வடிவங்களிலும், நிரந்தரமாக" என்று ஒரு வரி இருக்கும். அச்சு உரிமை, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா இவை தனித்தனி. அச்சைக் கொடுங்கள், சினிமாவை ஏன் கொடுக்க வேண்டும்? தீப்பெட்டி ஆபீஸ் கதை நாளைக்கு யார் கண்ணில் படும் என்று யாருக்குத் தெரியும். வருடத்துக்கு ஒரு முறை விற்பனைக் கணக்கு தர வேண்டும், எத்தனை பிரதி அடிக்கிறார்கள் என்று எழுத்தில் இருக்க வேண்டும், பிரதி தீர்ந்து இத்தனை மாதத்தில் மறுபதிப்பு வராவிட்டால் உரிமை திரும்ப வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்கிற இடத்தில் போடாமல் இருப்பதே மேல்.

குளத்துமேடு:
அமேசானின் கிண்டிலில் மின்னூலாகப் போடுங்கள் அக்கா, ஒரு ரூபாய் செலவில்லை. நான் போட்டேன், முகம் தெரியாதவர்கள் படித்து எழுதுகிறார்கள்.

வெயில்நதி:
கிண்டில் தப்பில்லை, ஆனால் இப்போது அவசரப்பட வேண்டாம் என்பேன். 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் இந்தியாவில் அமேசானின் கேடிபி செலக்ட் என்கிற திட்டத்தில் சேர்க்க வேண்டும், சேர்த்தால் 90 நாளைக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. அதோடு, ஏற்கெனவே மின்னூலாக வந்துவிட்டது என்றால் சில பதிப்பாளர்கள் தயங்குகிறார்கள். ஒரு வருடம் அச்சுக்கு முயற்சி செய்துவிட்டு அப்புறம் போடலாம்.

கரிசல்பூ:
எல்லோருக்கும் நன்றி, பதில்களை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். இன்றைக்கு அவர்களுக்குப் போன் செய்து, மீதி 250 பிரதி யாருக்கு என்று கேட்டேன். சார் மீட்டிங்கில் இருக்கிறார், கூப்பிடுகிறோம் என்றார்கள். இன்னும் கூப்பிடவில்லை. பணம் கட்டப் போவதில்லை, வளையல் கையில்தான் இருக்கிறது.

முதல் அத்தியாயத்தை, அம்மா விடியற்காலையில் ஆபீஸ் வண்டிக்கு ஓடுகிற இடம், சிறுகதையாக்கிப் பார்க்கிறேன். தூத்துக்குடி புத்தகத் திருவிழா வரும்போது போய், என் நாவல் மாதிரி புத்தகம் யார் போடுகிறார்கள் என்று கடை கடையாகப் பார்க்கப் போகிறேன். இதுவரை தோதான இடம் எது என்று பார்க்காமலேதான் அனுப்பியிருக்கிறேன்.

அச்சுக்கோப்பு அண்ணாச்சி, ஒரு சந்தேகம். என் நாவல் பாதி பாமினி எழுத்துருவில் இருக்கிறது, பாதி யூனிகோடில். அப்படியே அனுப்பலாமா?

அச்சுக்கோப்பு:
அப்படியே அனுப்பாதீர்கள், பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பாதிப் பக்கம் ஆங்கில எழுத்தாகக் கொட்டும், அதோடு மூடிவிடுவார்கள். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள், மாற்றித் தருகிற செயலிகள் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றின பிறகு ஔகார எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். 'கௌரவம்', 'சௌகரியம்' மாதிரி சொற்களில் கொம்பும் ளகரமும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும், பார்வைக்குச் சரியாகத் தெரியும், அச்சில்தான் உடையும். உங்கள் நாவலில் கௌசல்யா, சௌந்தரம் என்று யாராவது இருந்தால் ஒவ்வொரு இடமாகத் திருத்த வேண்டும்.

கரிசல்பூ:
சித்தி பேரே சௌந்தரம்தான் அண்ணாச்சி. நாவல் முழுக்க வருவார். இன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து ஆரம்பிக்கிறேன்.