பட்டியலைப் பிடித்துக்கொண்டு படம் பார்ப்பது களைப்பாக இருக்கிறது. வேறு வழி உண்டா?

ஊருணிக்கரை எழுதியது:

சென்ற ஆண்டு வரை நான் பார்த்தவை பெரும்பாலும் பெரிய நாயகர்களின் தமிழ்ப் படங்களும், தமிழ்க் குரலில் வரும் ஹாலிவுட் சாகசப் படங்களும்தான். நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால் கிம் கி-டுக் 2003-இல் எடுத்த 'ஸ்பிரிங், சம்மர், ஃபால், வின்டர்... அண்ட் ஸ்பிரிங்' என்ற கொரியப் படத்தைப் பார்த்தேன். மலைகள் சூழ்ந்த நீர்ப்பரப்பின் நடுவே மிதக்கும் சிறு கோயில். அதற்குள் சுவரே இல்லாமல் நிற்கும் ஒரு கதவு. முதிய துறவியும் சிறுவனும் பக்கவாட்டில் எளிதாகப் போய்விடலாம் என்றாலும், ஒவ்வொரு முறையும் அந்தக் கதவைத் திறந்து மூடியே நடமாடுகிறார்கள். சிறுவன் வாலிபனாகி ஒரு பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்த இரவில் மட்டும் கதவைத் தொடாமல், இல்லாத சுவரின் வழியாக வெளியேறுகிறான். எவரும் வசனம் பேசி விளக்காத அந்தக் காட்சி பல நாள் என்னை விட்டு நீங்கவில்லை.

இதே போன்ற படங்களைத் தேடி, 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் திரைப்பட இதழ் 2022-இல் வெளியிட்ட, உலகின் சிறந்த படங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு முதலிடத்திலிருந்து தொடங்கினேன். 'ஜான் டீல்மன்' தொடங்கிய நாற்பதாவது நிமிடத்தில் உறங்கிவிட்டேன். அடுத்தடுத்த படங்களையும் கடமைக்காகவே பார்த்தேன். குறை என் ரசனையிலா, நான் தேடும் முறையிலா? சிந்திக்கவும் வைத்து, கண்ணையும் நிறைக்கும் படங்களை நீங்கள் எப்படிக் கண்டடைகிறீர்கள்?

மண்சாலை எழுதியது:

முறையில்தான், நண்பரே. பல நாட்டு விமர்சகர்கள் வாக்களித்து உருவான வரிசை அது. நீங்கள் பார்க்க வேண்டிய வரிசை அன்று. உங்களுக்குப் பிடித்த கதவையே பிடித்துக்கொண்டு நகருங்கள். ஓர் இடமும் அதில் மனிதர்கள் நடமாடும் விதமும் சேர்ந்து கதையைச் சொல்லிவிடுவதுதான் உங்களை ஈர்த்திருக்கிறது.

அந்த வகையில், கனேத்தோ ஷிந்தோ 1960-இல் எடுத்த 'த நேக்கட் ஐலண்ட்' என்ற ஜப்பானியப் படத்தை முதலில் பாருங்கள். தண்ணீர் இல்லாத ஒரு சிறு தீவில் கணவனும் மனைவியும் இரண்டு மகன்களோடு வாழ்கிறார்கள். பக்கத்துத் தீவிலிருந்து படகில் தண்ணீர் கொண்டுவந்து, தோளில் காவடியாகக் கட்டிய வாளிகளைச் சுமந்து மேட்டில் ஏறிப் பயிருக்கு ஊற்றுகிறார்கள். ஏறத்தாழ வசனமே இல்லை. ஆனால் அரை மணி நேரத்துக்குள் ஒவ்வொரு வாளியின் கனமும் உங்கள் தோளுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து, ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரொஸ்தமியின் 'வேர் இஸ் த ஃபிரெண்ட்ஸ் ஹவுஸ்' (1987). வகுப்புத் தோழனின் நோட்டுப் புத்தகத்தைத் தவறுதலாக எடுத்து வந்துவிட்ட சிறுவன், அதைத் திருப்பிக் கொடுப்பதற்காகப் பக்கத்து ஊருக்கு ஓடுகிறான். கதை அவ்வளவுதான். குன்றின் மேல் ஒற்றை மரமும், அதை நோக்கி வளைந்து வளைந்து ஏறும் பாதையும், அதில் புள்ளியாக ஓடும் சிறுவனும் உங்கள் மனத்தில் தங்கிவிடும். 1990-இல் வட ஈரானை நிலநடுக்கம் தாக்கிய பிறகு, அந்தப் படத்தில் நடித்த சிறுவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தேடிப் போன அனுபவத்திலிருந்து அவர் 1992-இல் இன்னொரு படம் எடுத்தார். 1994-இல் அதே பகுதியில் மூன்றாவது படம். ஒரே நிலத்தை மூன்று முறை பார்ப்பது, முப்பது நாட்டுப் படங்களை அவசரமாகப் பார்ப்பதைவிட அதிகம் கற்றுத்தரும் என்பது என் அனுபவம்.

சாயுங்காலம் எழுதியது:

மேலே சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ஏரியும் குன்றும் இருந்தால்தான் காட்சி வளம் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வில் (1956) வரும் காசி வீட்டு முற்றத்தைக் கவனியுங்கள். அது கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் போட்ட செட். நிழல் விழாத வானத்து வெளிச்சத்தை உள்ளே எப்படிக் கொண்டுவருவது என்று தயங்கிய ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா, முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளைத் துணியை நோக்கித் திருப்பி, அதில் பட்டுத் திரும்பும் ஒளியில் படமாக்கினார். நான் முதல் முறை பார்த்தபோது அது செட் என்றே எனக்குத் தோன்றவில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, எந்தப் படத்திலும் முகத்தின் மேல் விழும் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. இயக்குநரின் பெயரைப் போலவே ஒளிப்பதிவாளரின் பெயரையும் பின்தொடர்ந்து பாருங்கள்; தேடல் வேறு பக்கமாக விரியும்.

'ஜான் டீல்மன்' படத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். மூன்றே கால் மணி நேரத்துக்கும் மேல் ஓடும் அந்தப் படத்தில், ஒரு பெண்ணின் மூன்று நாள் வீட்டு வேலைகளைக் கேமரா அசையாமல் நின்று பார்க்கிறது. முதல் நாள் ஒழுங்கு உங்கள் கண்ணில் பதிந்தால்தான், இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு அளவுக்கு மேல் வெந்துபோய், அவர் பாத்திரத்தோடு எங்கே போவது என்று தெரியாமல் வீட்டுக்குள் அலைவது திடுக்கிட வைக்கும். நீங்கள் உறங்கியது அந்த முதல் நாளில். ஓராண்டு கழித்து, பகலில் பாருங்கள்.

மஞ்சள்திரை எழுதியது:

ஒரு நடைமுறைச் செய்தி. பழைய படங்கள் பலவும் ஏறக்குறைய சதுரமான சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. டிவியில் திரை முழுவதையும் நிரப்பும்படி வைத்தால் முகங்கள் அகன்றுபோகும், அல்லது தலையும் காலும் வெட்டுப்படும். இருபுறமும் கறுப்பாக இருந்தால் இருக்கட்டும். அசைவுகளை மென்மையாக்கும் அமைப்பையும் நிறுத்திவிடுங்கள், இல்லையேல் எந்தப் படமும் நெடுந்தொடர் போலத் தெரியும். இயன்றால் டிசம்பரில் ஒருமுறை திருவனந்தபுரம் திரைப்பட விழாவுக்குப் போய் வாருங்கள். வரிசையில் நிற்கும் அந்நியர்கள் 'நேற்று எதைப் பார்த்தீர்கள்' என்று கேட்டுப் பரிந்துரைத்த படங்களே எனக்குப் பெரும்பாலும் நல்லவையாக அமைந்தன.

ஊருணிக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. கறுப்புப் பட்டைகளோடு 'த நேக்கட் ஐலண்ட்' பார்த்தேன். இனி வருவது படத்தின் முடிவைத் தொடுகிறது. பார்க்காதவர்கள் தாண்டிச் செல்லலாம்.

இளம் வயதில் ஊருணியிலிருந்து தண்ணீர் சுமந்தவரான என் அப்பா, சப்டைட்டில் படம் என்றாலே எழுந்து போய்விடுவார். இதில் படிப்பதற்கு எதுவும் இல்லாததால் உட்கார்ந்துவிட்டார். மனைவி ஒரு வாளியைக் கவிழ்த்ததும் கணவன் அறைந்தபோது, "தண்ணிக்காகத்தான் அடிச்சான்" என்று மட்டும் சொன்னார். மகன் இறந்த பிறகு அவள் தண்ணீரை வேண்டுமென்றே தரையில் கொட்டிவிட்டுப் பயிர்களைப் பிடுங்கி எறிகிறாள். கணவன் பேசாமல் பார்த்துவிட்டுத் தன் வாளிப் பக்கம் திரும்புகிறான். அப்பா அப்போது என் பக்கம் திரும்பி, "இப்ப அடிக்கலை, பாத்தியா?" என்றார். நான் அதைக் கவனித்திருக்கவில்லை. சனிக்கிழமை ஈரானியப் படம் என்று சொல்லியிருக்கிறேன். அதில் சப்டைட்டில் உண்டு என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.