வாவித் தண்ணியும் வில்லையில்லா ஹொலோகிராமும்: ஒரு பதிவு போதுமா?

வாவிக்கரை
மட்டக்களப்பு வாவித் தண்ணியில டயட்டம் (கண்ணாடி ஓடுள்ள நுண்பாசி) பார்க்கிற அமைப்பு இது: ராஸ்பெரி பை கமெரா 2, வில்லை கழட்டினது, பிக்சல் 1.12 மைக்ரோமீற்றர். 8 சென்ரிமீற்றர் மேல ஊசித்துளை, அதுக்குப் பின்னால சிவப்பு எல்ஈடி. தண்ணித் தட்டு உணரிக்கு மேல; அதில பட்டு வாற ஒளி உணரியில வளையம் வளையமாப் பதியிறதுதான் ஹொலோகிராம், கணினி அதைப் படமாக்கும். பழக்கின நியூரல் நெட்வேர்க் ஒரே ஹொலோகிராமில இரட்டைப் பிம்பத்தை (உண்மைப் படத்துக்கு மேல விழுற மங்கல் போலியை) அழிச்சுத் தருது. அதை அழிக்கத் தட்டுட உயரத்தை மாத்தி மாத்திப் பல தரம் பதியிறது இனி எதுக்கு?

ஒலுவில் காத்து
1.12ஐ விடுங்க தம்பி. பேயர் வடியில (பிக்சலுக்கு மேல இருக்கிற நிற வடி) நாலுக்கு ஒண்டுதான் சிவப்பு. உண்மை இடைவெளி 2.24. ஜேபெக்கில சேமிச்சா நுண்ணிய வளையங்களும் போயிரும், சுருக்காத ரோ கோப்புத்தான் வேணும். உணரி பதியிறது செறிவை, அதாவது ஒளிட பலத்தை மட்டும். அவத்தை, அதாவது அலை எந்தக் கட்டத்தில இருக்கு எண்டது, தொலைஞ்சு போகுது. 1948இல கபோர் ஹொலோகிராமைத் தொடங்கின நாள்ல இருந்து இரட்டைப் பிம்பம் வாறது அதாலதான். தொலைஞ்சதை நெட்வேர்க் அளக்கல்ல, ஊகிக்குது. மண் துணிக்கையிலயும் டயட்டத்துட வரியைக் கீறி வைக்கும்.

வாவிக்கரை
நெட்வேர்க் தந்த படத்தைத் திரும்ப உணரித் தளத்துக்குப் பரப்பினா (ஒளி அங்க போய்ச் சேர்றதைக் கணக்கிட்டா), பதிஞ்ச ஹொலோகிராமோட பொருந்துதே அண்ணன்.

கல்லடி 405
அது ஒரு சோதனையா? செறிவுட வர்க்கமூலத்தை எடுத்து, அவத்தை பூச்சியம் எண்டு வச்சுப் பின்னுக்குப் பரப்புங்க. நெட்வேர்க்கே இல்ல, இரட்டைப் பிம்பம் அப்படியே நிக்கும். அதை முன்னுக்குப் பரப்பினா வழு பூச்சியம். பிழையான படமும் பாஸ்!

ஒலுவில் காத்து
அதேதான். இன்னொரு உயரத்தில ஒண்டு பதிஞ்சு, நெட்வேர்க்குக்குக் காட்டாம ஒளிச்சு வைங்க. கிடைச்ச படத்தை அந்த உயரத்துக்குப் பரப்பி ஒப்பிடுங்க. தட்டை உயர்த்த அடியில ஒரு கவர்சிலிப் (மெல்லிய கண்ணாடித் துண்டு) போதும், தடிப்பு ஏறக்குறைய 0.15 மில்லிமீற்றர். கணக்கில 0.15 போட்டுராதீங்க: கண்ணாடிட முறிவுச் சுட்டி 1.5, காத்துக்குச் சமமான தூரம் 0.1தான். இடையில காத்துப் படலமும் சேரும், அதால கூர்மை பார்த்துத் தூரத்தைத் திருத்தணும். தட்டு பக்கவாட்டிலயும் நகரும், ரெண்டு பதிவையும் பொருத்தி எடுங்க.

வாவிக்கரை
அதுக்குள்ள நீந்துற உயிர் இடம் மாறிருமே. லூகோல் கரைசல் விட்டு நிறுத்தினா?

கல்லடி 405
லூகோல்ல அயடீன். கலம் பழுப்பாகி ஒளியை உறிஞ்சும். உயிரோட இருக்கிறது பெரும்பாலும் அவத்தையைத்தான் மாத்தும். உயிரோட இருக்கிறதில பழகின நெட்வேர்க் லூகோல் விட்டதில தடுமாறும். டயட்டம் நீந்தாது, கொஞ்ச நேரம் விட்டா படியும். சோதனையை அதில செய்யுங்க. ஒரே தட்டை வெட்டிப் பாதி பயிற்சிக்கு, பாதி சோதனைக்கு எண்டு பிரிக்கிறதும் ஏமாத்து வேலை, தட்டே வேற வேணும். நீந்துறதுக்கு ஒரு பதிவுதான் வழி, ஆனா எண்ணிக்கைக்கு மட்டும். இனம் பிரிக்க வேணாம்.

வாவிக்கரை
பச்சை எல்ஈடிக்கு மாறினா பாதிப் பிக்சல் கிடைக்குமே?

ஒலுவில் காத்து
ஓம், ஆனா சதுரங்கப் பலகை மாதிரி ஒண்டுவிட்டு ஒண்டாக் கிடைக்கும், இடையை நிரப்பிக் குடுக்கணும். அலைநீளம் மாறினா சிவப்பில பழக்கினது செல்லாது, முதல்ல இருந்து பழக்குங்க.