உணவுக்குழாய் வேரிசஸுக்கு ஊசி போட்டவர்கள் அனுபவம்

நாகலூர்க்காரன்:
அப்பாவுக்கு சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறும் நோய். அதனால் உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் வீங்கும் வேரிசஸ். ராத்திரி ரத்த வாந்தி. 108-ல் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் சேர்வதற்குள் போன உயிர் திரும்பி வந்தது. ரத்தம் பீறிட்டதில், வீங்கிய குழாயை ரப்பர் வளையத்தால் கட்டும் பேண்ட் போட முடியாமல், குழாயை அடைக்கும் மருந்தைச் செலுத்தும் ஸ்கிளிரோதெரபி ஊசி போட்டார்கள். இதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு மறுநாள் காலைதான் மனதை விட்டுப் போகவில்லை. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "ஊசி போட்ட இடத்தில் ரத்தம் நல்லா உறைஞ்சிருச்சு" என்கிறார். விடியற்காலையில் டெஸ்டுக்கு ரத்தம் எடுத்த கையிலோ பஞ்சு ஊறி, பிளாஸ்திரி ஓரமாகக் கசிந்து, போர்வை வரைக்கும் சிவப்பு. நான் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி நிற்கிறேன். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 60 ஆயிரத்திலிருந்து 48 ஆயிரத்துக்கு இறங்கியிருந்தன. உள்ளே உறைகிறது, கையில் உறையவில்லை. வேறு யாருக்காவது இப்படி ஆனதா?

அம்மாப்பேட்டை அக்கா:
தம்பி, என் தங்கைக்குக் கல்லீரலில் ஒரு குறையும் இல்லை. கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் ரத்தக்குழாய் சின்ன வயதிலேயே உறைந்து அடைத்துக்கொண்டதால் வேரிசஸ் வந்தது. "இந்த வயசுலயே குடியா?" என்று வார்டில் ஒருவர் கேட்டது இன்னும் எரிகிறது. ஊசி போட்ட ராத்திரி நெஞ்சுவலி, காய்ச்சல். சில வாரம் கழித்து இட்லிகூட இறங்கவில்லை. துண்டில் துப்பிவிட்டு, அழாமல் இன்னொரு விள்ளல் எடுத்து மெதுவாக மென்றாள். ஊசி போட்ட இடம் புண்ணாகி, தழும்பாகிச் சுருங்கிவிட்டதாம். பலூன் விட்டு விரித்தார்கள். முடிந்தால் பேண்டே கேளுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை மாமா:
அக்கா சொல்வதை முழுதும் ஏற்க மாட்டேன். பேண்ட் வருவதற்கு முன்னால் இந்த ஊசிதான் எத்தனையோ பேரைக் காப்பாற்றியது. என் மச்சானுக்கும் ஊசிதான், இப்போது வெள்ளிப் பட்டறைக்குப் போய்வருகிறார்.

தம்பி, அந்த மருந்து ரத்தக்குழாயின் உள்சுவரைப் புண்ணாக்கும். அதனால் அங்கே ரத்தம் உறைந்து, பிறகு தழும்பாகிக் குழாய் மூடிக்கொள்ளும். மருந்தில் கொஞ்சம் ரத்த ஓட்டத்தில் கலந்தால் பிளேட்லெட்டும், உறைய வைக்கும் புரதமான ஃபைப்ரினோஜெனும் தற்காலிகமாகக் குறையலாம். சிரோசிஸில் மண்ணீரல் வீங்கி ஏற்கெனவே பிளேட்லெட்டைப் பிடித்து வைத்திருக்கும். உறைய வைக்கும் புரதங்களையும் கல்லீரல் குறைவாகத்தான் செய்யும். ஆனால் உறைதலைத் தடுக்கும் புரதம் சி போன்றவையும் அதே கல்லீரலில் செய்வதுதான், அவையும் குறையும். அதனால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) கூடியிருக்கிறது, இனி உள்ளே கட்டி வராது என்று நினைக்கக் கூடாது. போர்ட்டல் குழாயில் ரத்தக்கட்டி இவர்களுக்கும் வரும். இன்னொன்று, "பிளாஸ்மா (உறைய வைக்கும் புரதங்கள் உள்ள ரத்தத்தின் நீர்ப்பகுதி) ஏத்துங்க" என்று டாக்டரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். தேவைக்கு மேல் ஏற்றினால் போர்ட்டல் அழுத்தம் கூடி மறுபடி ரத்தம் கசியலாம். டாக்டரைக் கேட்காமல் டைக்ளோபெனாக், ஆஸ்பிரின் வேண்டாம். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் விடியட்டும் என்று மலையிலேயே இருக்காதீர்கள். போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கும் புரோப்ரனலால் மாத்திரையை எல்லோரும் ஒழுங்காகப் போடுங்கள்.

நாகலூர்க்காரன்:
நன்றிங்க மாமா. அடுத்த எண்டோஸ்கோபி வெள்ளிக்கிழமை. மண்ணீரல் விஷயத்தையும் கேட்கிறேன்.

அம்மாப்பேட்டை அக்கா:
மாமா, எல்லோரும் என்று சொல்லாதீர்கள். என் தங்கைக்கு ஆஸ்துமா. அந்த மாத்திரை ஆகாது என்று டாக்டரே கொடுக்கவில்லை.